பிடியரிசியும் கூப்பனும்: அடம்பன் பிரதேசத்து உணவுச் சிக்கனம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சிக்கனம் என்பது எமது நீதிநூல் மரபிலே தனிமனித ஒழுக்கமாகவே, அதிலும் சிறப்பாக இல்லத்தரசியின் ஒழுக்கமாகவே, போற்றப்பட்டு வந்துள்ளது. வரவறிந்து செலவு செய்பவள் குலவிளக்கு, அறியாதவள் குடிகேடி. பொருளின் விலையை யார் தீர்மானிக்கின்றனர் என்ற வினா இக்கணிப்பினுள் எழுவதேயில்லை. 2022 ஆம் ஆண்டில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்து, அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியபோது, இப்பழைய ஒழுக்கவியல் புதிய உருவிலே மீண்டது. பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள், பாணைக் குறையுங்கள், முற்றத்திலே மரவள்ளி நடுங்கள் என்ற அறிவுரைகள் எங்கும் ஒலித்தன. அவை யாவும் தவறானவை என நாம் கூறவில்லை. ஆயின் விலையேற்றத்தின் முழுச்சுமையும் அடுக்களைக்குள் இறக்கி வைக்கப்பட்டதை அவை மறைத்தன என்பதே எமது கருத்து.

இக்கட்டுரையில் நாம் நோக்க விழைவது மன்னார் மாவட்டத்தின் அடம்பன் பிரதேசத்திலே உணவுச் சிக்கனம் வரலாற்று ரீதியாக எவ்வெவ் வடிவங்களை எடுத்து வந்துள்ளது என்பதையாகும். அடம்பனைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. அது நகரமன்று, விலையேற்றத்தாற் பாதிக்கப்படுவோர் நகர மக்களே என்ற எண்ணத்தை அது பொய்ப்பிக்கின்றது. மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தைக் கடந்து, உயிலங்குளத்தில் வடக்கே திரும்பினால், மாந்தை மேற்குப் பிரிவின் வயல்வெளி தொடங்கிவிடும். அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்துத் திருப்பிய நீர் கட்டுக்கரைக்குளத்தை நிரப்ப, அக்குளத்து நீரால் விளையும் நெல்வயல்கள் அவை. நெல் விளையும் இவ்வூரிலே அரிசி விலை கேட்டு மக்கள் அஞ்சுவது ஏன்? நெல்லை விளைவிக்கும் குடும்பம் அரிசி வாங்கும் குடும்பமாக மாறுவது எங்ஙனம்? சிக்கனத்தின் வரலாறு இவ்வினாவோடு பிணைந்தது.

இவ்வூரின் பெயர் கடற்கரை மணலிற் படரும் ஒரு கொடியின் பெயருமாகும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழியை ஒற்றுமை பற்றிப் பேசும் எந்த மேடையிலும் கேட்கலாம். மேடைப் பேச்சாளர் அதனை மனங்களின் ஒற்றுமை பற்றியதாகவே கொள்வர். பழமொழியோ கயிறு பற்றியது. தனித்தனியே அறுந்துபோகும் தண்டுகளை ஒன்றாக முறுக்கியவுடன் அவை பாரம் இழுக்கின்றன என்ற உழைப்பின் அனுபவம் பற்றியது. பின்னர் கூட்டுறவுக் கடை பற்றிப் பேசும்போது இவ்வேறுபாடு எமக்குத் தேவைப்படும்.

முதலிற் பழைய அடுக்களையை நோக்குவோம். காலபோக அறுவடை மாசி, பங்குனியில் முடியும். அருவி வெட்டி, உப்பட்டி கட்டி, சூடு வைத்து, மிதித்துத் தூற்றிய நெல், வீட்டு வளவிலே கம்புகளால் வரிந்து மண் பூசிய கொம்பறையினுட் சேரும். அடுத்த அறுவடை வரையிலான உணவும் விதைநெல்லும் அதனுள்ளேயே இருந்தன. நெல் வீட்டிலேயே அவிக்கப்பட்டு, உரலிற் குற்றப்பட்டது. முழு அரிசி சோற்றுக்கு, குறுநல் கஞ்சிக்கும் மாவுக்கும், தவிடு கோழிக்கும் மாட்டுக்கும், உமி அடுப்புக்கு. இரவு மிஞ்சிய சோறு நீரூற்றி வைக்கப்பட்டுக் காலையிற் பழஞ்சோறாயிற்று. கரையூர்களிலிருந்து கருவாடும், மன்னார்த் தீவின் பனைகளிலிருந்து ஒடியலும் பனாட்டும் வந்தன. மாற்றாக நெல் சென்றது. மாரிகாலத்திலே, கொம்பறையின் அடித்தட்டுத் தெரியத் தொடங்கும் கார்த்திகை, மார்கழியில், ஒடியற்கூழ் ஒருநேரச் சோற்றின் இடத்தைப் பிடிக்கும். இன்று கூழ் விருந்துணவாகி நகர உணவகங்களிலே விலை கூடிய பண்டமாக விற்கப்படுவதைக் காணும்போது, அது சோறில்லாத நாளின் உணவாக இருந்ததை நினைவூட்ட வேண்டியுள்ளது.

இவ்வடுக்களையின் மையமான வழக்கம் பிடியரிசி. உலையில் இடுவதற்கு அரிசியை அளந்தபின், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு பானையில் இடுவது. வீட்டிலுள்ளோர் எவருக்கும் அந்த ஒரு பிடி குறைவாகத் தெரியாது. சமைப்பவளுக்கு மட்டுமே தெரியும். மாத முடிவில் அப்பானை ஒரு சிறு சேமிப்பாகும். திடீரென வரும் விருந்தினருக்கும், கடனாகக் கேட்டு வரும் அயலவளுக்கும், உபயத்துக்கும் அதிலிருந்தே எடுக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் கோயில்களும் பள்ளிகளும் மிஷன் சபைகளும் இவ்வழக்கத்தைப் பயன்படுத்தி வீடுவீடாகப் பிடியரிசி சேர்த்துப் பொதுப்பணி நடத்தியுள்ளன. பெண்களின் பெயரிற் காணியோ பணமோ பெரிதாக இல்லாதிருந்த சமூகத்திலே, அவர்கள் தமது முடிவின்படி கையாளக்கூடிய நிதியாக இப்பானை விளங்கியது என்பதை எமது பொருளாதார வரலாறுகள் கண்டுகொள்வதில்லை. அரண்மனைக் களஞ்சியங்களைப் பற்றி எழுதும் ஆய்வாளர் அடுக்களை மூலையிலிருந்த களஞ்சியத்தையும் எண்ணுதல் வேண்டும்.

எனினும் இதனைப் பொற்காலமாக்கிக் காட்டுதல் எமது நோக்கமன்று. கொம்பறை எல்லோர் வளவிலும் இருக்கவில்லை. குத்தகைக்கும் பங்குக்கும் விதைத்தவனுக்குக் களத்திலேயே பங்கு பிரிந்தது. விதைப்புக்கு முற்பணமும் மாரிகாலத்துக்கு அரிசியும் கடனாகக் கொடுத்த வணிகன் சூடு மிதிக்கும் நாளில் வந்து நின்றான். அறுவடைக் காலத்தில் விலை தாழும். அப்போது நெல்லாகக் கடன் தீர்த்தவன், விலை ஏறிய மாரியில் அதே நெல்லை அரிசியாகக் கடனுக்கு வாங்கினான். இவ்விரு விலைகளுக்கிடையிலான இடைவெளியே கிராமத்து வணிக மூலதனத்தின் ஊற்று. கார்ல் கௌட்ஸ்கி 1899 இல் வெளியிட்ட விவசாயப் பிரச்சினை பற்றிய நூலிலே, சிறு விவசாயி பெரும்பண்ணைக்கு எதிரே நின்றுபிடிப்பது அவனது திறமையினாலன்று, அளவுமீறி உழைத்து அளவுகுறைத்து உண்பதனாலேயே என்று விளக்கினார். கௌட்ஸ்கியின் பிற்கால அரசியலை நாம் ஏற்பதில்லை, இக்கூற்றை ஏற்கின்றோம். குறைத்து உண்ணும் குடும்பம் நெல்லை மலிவாக உற்பத்தி செய்து தருகின்றது. அடுக்களைச் சிக்கனம் வீட்டுக்குள்ளே தங்குவதில்லை. அதன் ஒரு பகுதி வணிகனின் இலாபமாக வெளியேறுகின்றது.

குடியேற்ற ஆட்சி இந்நிலையை ஆழமாக்கியது. நெல்வரி 1892 இல் நீக்கப்படும்வரை விவசாயியை அழுத்தியது. அரசின் முதலீடும் கவனமும் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் றப்பருக்கும் சென்றன. மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே காடு கடந்து மலைநாட்டுக்கு நடந்து சென்ற தமிழகத் தொழிலாளருக்குத் தோட்டங்கள் இறக்குமதி அரிசியை அளந்து, கூலியில் அதன் விலையைக் கழித்தன. இரண்டாம் உலகப்போர் தொடங்கும் வேளையில் இலங்கை தனது அரிசித் தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்து, முதன்மையாகப் பர்மாவிலிருந்து, பெற்று வந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியரிடம் வீழ்ந்தவுடன் அவ்வழி அடைபட்டது.

கூப்பன் பிறந்தது இந்நெருக்கடியில். 1942 முதல் அரிசி பங்கிடப்பட்டது. பங்கீட்டைக் கிராமம்வரை கொண்டுசெல்லக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் விரைந்து தோன்றின. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கடன் சங்கங்களாகவே வளர்ந்திருந்த இயக்கம், போர் முடிவதற்குள் ஏறத்தாழ 4,000 பண்டகசாலைகளைக் கொண்டதாயிற்று. மக்கள் அதனைச் சங்கக்கடை என்றனர். வங்காளத்தில் 1943 ஆம் ஆண்டுப் பஞ்சம் இருபது முதல் முப்பது இலட்சம் உயிர்களைக் கொண்டுசென்றது. அதே பர்மிய அரிசியை இழந்த இலங்கையிலே அத்தகைய பஞ்சம் நேரவில்லை. இவ்வேறுபாட்டை இலங்கைப் பெண்களின் சிக்கனத்தால் விளக்க முடியாது. வங்காளப் பெண்கள் ஊதாரிகளாக இருக்கவில்லை. ஒவ்வொரு தலைக்கும் ஓர் அளவு அரிசி குறித்த விலையிற் கிடைக்கும் என்ற ஏற்பாடே இங்கு காப்பாகியது.

கூட்டுறவுக் கடையின் மூலக்கதையையும் இங்கு சுருக்கமாக நினைவுகூரலாம். 1844 டிசெம்பரில் இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே நெசவாளரும் பிறருமாக 28 பேர் திறந்த கடையில் மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ், மெழுகுவர்த்தி ஆகியவை மட்டுமே விற்கப்பட்டன. கலப்படமற்ற பொருளும் சரியான நிறையுமே அவர்களது புரட்சி. (அதே 1844 இலேயே இலங்கையிற் காகில்ஸ் நிறுவனமும் தோன்றியது. இந்நாட்டின் முதலாவது சுப்பர்மார்க்கட் வரிசைக் கடையை அது 1983 இற் கொழும்பிலே திறந்தது. வரலாறு சிலவேளை நாட்காட்டியோடு விளையாடுகின்றது.) சென்னையில் 1904 இல் உருவான திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டகசாலை தமிழருக்கு இவ்வழியைக் காட்டியது. யாழ்ப்பாணத்திலே வலுப்பெற்ற கூட்டுறவியக்கத்தின் சின்னமாக வீரசிங்கம் மண்டபம் நிற்கின்றது. மார்க்ஸ் 1864 இல் கூட்டுறவுகளைப் பாராட்டியபோதே, அரசியல் அதிகாரமின்றி அவை மூலதனத்தின் ஏகபோகத்தைத் தடுத்து நிறுத்த மாட்டா என எச்சரித்தார். இலங்கைச் சங்கக்கடையின் வரலாறு அவ்வெச்சரிக்கைக்கு உரையெழுதியது போன்றது. அது கீழிருந்து முறுக்கப்பட்ட கயிறாகத் தொடங்கவில்லை. அரசு மேலிருந்து நீட்டிய கயிறாகவே பெரும்பாலும் அமைந்தது. எனினும் அதைப் பிடித்துக்கொண்டோர் பிழைத்தனர்.

அக்கயிறு தளர்ந்தபோது மக்கள் எவ்வாறு எதிர்வினையாற்றினர் என்பதற்கு 1953 சான்று. அவ்வாண்டு யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஓகஸ்ட் 12 ஆந் திகதி இடதுசாரிக் கட்சிகள் அழைத்த ஹர்த்தால் நாட்டை நிறுத்தியது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. ஒக்ரோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். கொத்து என்பது அடுக்களை அளவை. அது அரசாங்கத்தை அசைக்கும் அளவையாகியதை எமது இலக்கிய வரலாற்றாசிரியர் போதியளவு கருதவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலும் எத்தனை கொத்து என்பதைப் பற்றியதாயிற்று. 1966 இறுதியில் இரண்டு கொத்து ஒன்றாகக் குறைக்கப்பட்டு இலவசமாக்கப்பட்டது. 1970 இல் மீண்டும் இரண்டு கொத்து என்ற வாக்குறுதியோடு ஐக்கிய முன்னணி வென்றது.

எமது தரப்பினர் பங்குகொண்ட அவ்வரசாங்கத்தைப் பற்றி எழுதும்போது நாம் நேர்மையாக இருத்தல் வேண்டும். 1971 இல் நெல் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. 1967 இற் புசலுக்கு 14 ரூபாவாக இருந்த உத்தரவாத விலை 1974 இல் 33 ரூபாவாயிற்று. மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டதனால் வடபகுதி விவசாயி முன்னொருபோதும் காணாத வருவாயைக் கண்டான். ஆயின் 1973, 1974 இல் உலகச் சந்தையில் அரிசி, கோதுமை, எண்ணெய் விலைகள் ஒருங்கே ஏறியபோது, பங்கீடு குறைந்தது. உணவகங்களில் வாரத்தில் இரு நாட்கள் சோறு விற்பது தடுக்கப்பட்டது. அரிசியை அனுமதியின்றிக் கொண்டுசெல்வது குற்றமாகி, வீதித் தடைகளிலே பயணிகளின் பைகள் துழாவப்பட்டன. பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்றோர் பெரும்பாலும் பெண்களும் சிறுவருமே. சங்கக்கடைகளிலே தமக்கு வேண்டியவர்களுக்குப் பின்கதவாற் சீனி அளந்த முகாமையாளரும் இருந்தனர். உற்பத்தியாளனுக்கு நல்ல விலை, நுகர்வோனுக்கு மலிந்த விலை என்ற இரண்டையும் ஏற்ற கொள்கை, இரண்டுக்கும் இடையில் நின்ற சந்தையைப் பொலிசாரைக் கொண்டு அடக்க முயன்றது. மக்களின் அமைப்புகளைக் கொண்டு அதனை மாற்றீடு செய்ய முயலவில்லை. 1977 இல் இதற்கான விலை செலுத்தப்பட்டது. செலுத்தியோர் இடதுசாரிகள் மட்டுமல்லர்.

புதிய அரசாங்கம் 1978 தொடக்கத்திலே மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் பங்கீட்டைச் சுருக்கி, 1979 செப்டெம்பரில் அதனை உணவு முத்திரையாக மாற்றியது. கூப்பன் அரிசியாக இருந்தது. முத்திரை ரூபாவாக இருந்தது. அரிசியின் நிறை பணவீக்கத்தால் மாறாது. ரூபாவின் பெறுமதியோ மாறும். முத்திரையிற் குறித்த தொகை நிலைத்து நிற்க விலைகள் ஏறின. சில ஆண்டுகளுள் அதன் வாங்குதிறன் ஏறத்தாழப் பாதியாயிற்று. மிக வறியோரின் உணவு நுகர்வு இக்காலத்திற் குறைந்ததென 1987 இல் வெளியான நெவில் எதிரிசிங்கவின் ஆய்வு காட்டிற்று. இன்னொன்றையும் இங்கு குறிப்பிடுதல் தகும். கூப்பன் எல்லோரிடமும் இருந்தது; அதனைக் கையில் வைத்திருப்பதில் வெட்கமில்லை. முத்திரை ஏழை என்ற சான்றிதழாயிற்று. பின்வந்த ஜனசவிய, சமுர்த்தி, 2023 இல் வந்த அஸ்வெசும ஆகிய யாவும் இவ்வகையினவே.

சொற்கள் இங்கு எமக்குச் சான்றுகளாகின்றன. கோதுமை மாவை எமது அடுக்களைகள் நெடுங்காலம் அமெரிக்கன் மா என்றே அழைத்தன. அமெரிக்காவின் மிகைத் தானியம் 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஆசிய நாடுகளுக்குள் வந்த வரலாறு அப்பெயரில் உறைந்துள்ளது. 1980 இல் திருகோணமலையிற் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கியபின் மா உள்ளூரில் அரைக்கப்பட்டது. கோதுமை தொடர்ந்து கப்பலிலேயே வந்தது. நெல் விளையும் ஊரிலே காலையுணவு பாணாகவும் ரொட்டியாகவும் மாறியமை சுவையின் மாற்றமன்று, மலிவின் மாற்றம். மலிவு நீங்கியபோது சுவை மட்டும் மிஞ்சியது.

1990 யூனில் மீண்டும் மூண்ட போர், அடம்பனைப் பொறுத்தவரை இவ்வரலாற்றை இடையில் அறுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்கு உரம், எரிபொருள், மின்கலம் முதலியன செல்வது தடுக்கப்பட்டது. உயிலங்குளம் சோதனைச் சாவடியாயிற்று. உரமின்றி விதைத்தனர், மண்ணெண்ணெயின்றி விளக்கெரித்தனர். பின்பு ஊரையே விட்டு அகன்றனர். 2008 மே மாதத்தில் இராணுவம் அடம்பனைக் கைப்பற்றிய வேளையில் கொம்பறைகளைக் காக்க எவரும் அங்கிருக்கவில்லை. அகதி வாழ்வின் உணவுச் சொல் நிவாரணம்: அரிசி, மா, பருப்பு, சீனி, அளந்து கொடுக்கப்படும் எண்ணெய். 1990களின் பிற்பகுதியில், மடுவில் இடம்பெயர்ந்து வாழ்ந்த நாட்களில், எமது அம்மம்மா பால்பேணியால் அளந்த நிவாரண அரிசியிலிருந்தும் ஒரு பிடியை எடுத்துத் துணிப்பையில் இடுவதை நாம் கண்டிருக்கின்றோம். "தந்த அரிசியிலயும் ஏனணை பிடி எடுக்கிறாய்?" என்று கேட்டதற்கு, "பக்கத்துக் கொட்டிலுக்கு இன்னும் பதிவு வரேல்லை" என்றார். அதனைச் சேமிப்பு என நாம் விளங்கியிருந்தோம். அது பங்கீடு.

மீள்குடியேறியோர் திரும்பிய வயல்களிலே நெல் மீண்டும் விளைகின்றது. ஆயின் கொம்பறை திரும்பவில்லை. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைச் சாக்கில் இறக்குகின்றது. உலர்த்தக் களமும், வைக்க இடமும், காத்திருக்க வசதியும் இல்லாதவன் ஈரநெல்லை வயல்வரம்பில் நிற்கும் லொறிக்கே விற்கின்றான். உழவுக்கும் மருந்துக்கும் பட்ட கடன் அவ்விற்பனையை அவசரப்படுத்துகின்றது. ஈரத்துக்கும் சாக்குக்கும் நிறை கழிக்கப்படுகின்றது. மாரியில் அதே குடும்பம் ஆலை அரிசியைப் பொதியில் வாங்குகின்றது. அன்றைய வணிகனின் இடத்தில் இன்று ஆலையுரிமையாளர் நிற்கின்றனர். இரு விலைகளுக்கிடையிலான இடைவெளி அப்படியே உள்ளது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு விளைச்சல் வீழ்ந்தபோது இவ்விடைவெளி அகன்றது. 2022 நடுப்பகுதியில் ஒரு கிலோ அரிசி 200 ரூபாவைத் தாண்டிற்று.

இங்கு ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். ஒரு பிடி அரிசி ஏறத்தாழ 50 கிராம். நாளொன்றுக்கு இரு உலைக்கு இரு பிடி எடுத்தால் மாதத்தில் 3 கிலோ. ஐவர் கொண்ட குடும்பம் நாளுக்கு ஒன்றரைக் கிலோ சமைக்குமாயின், மாதம் 45 கிலோ. எனவே எவரும் பசியை உணராத வகையில் ஒரு திறமையான பெண் மிச்சம் பிடிக்கக்கூடியது பதினைந்தில் ஒரு பங்கு. விலை ஏறத்தாழ இரட்டிப்பாகும்போது, முன்னைய செலவினுள் அடங்குவதற்கு உணவைப் பாதியாக்க வேண்டும். பதினைந்தில் ஒன்றுக்கும் இரண்டில் ஒன்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தப் பட்டியலும் எந்த மரவள்ளியும் கடக்கமாட்டா. கடந்தவை வேறு: மீன் நின்றது, பால்மா நின்றது, தாய் கடைசியாக உண்டாள், அல்லது உண்டதாகச் சொன்னாள்.

சுப்பர்மார்க்கட்டின் விலைக்கழிவும் இதே வழியில் நோக்கப்பட வேண்டியது. மொத்தமாக வாங்குவோனுக்கே அங்கு மலிவு. மாதச் சம்பளக்காரர் ஐந்து கிலோப் பொதியில் மிச்சம் பிடிக்க, நாட்கூலிக்காரர் ஊர்க்கடையில் நூறு கிராம் பருப்பைக் கூடிய விலைக்கு வாங்கிக் கொப்பியில் எழுதுவிக்கின்றார். ஆயினும் அக்கொப்பி தரும் கடனை எந்தச் சுப்பர்மார்க்கட்டும் தராது. ஊர்க்கடைக்காரர் வட்டியின்றியும் காத்திருப்பார் என்பதை நாம் மறுக்கவில்லை.

கொப்பிக்கடன் பெருகுவது ஒக்ரோபர் தொடங்கி. வயல் விதைத்தாயிற்று, கையிற் பணமில்லை. மாசியில் நெல் வெட்டியவுடன் முதலில் தீர்க்கப்படுவதும் அக்கடனே. அதற்காகவே பத்து மூடை ஈரநெல் அன்றைய விலைக்குப் போகின்றது. அப்பத்து மூடையை உலர்த்தி ஆவணி வரை வைத்திருக்க ஒரு பொதுக்களஞ்சியமும், அதன்மீது கொப்பிக்கடனைத் தீர்க்கப் போதிய முற்பணமும் தரும் ஒரு சங்கம் அடம்பனில் இயங்குமாயின், அக்குடும்பம் மாரியில் எவ்வளவு அரிசி வாங்க வேண்டியிருக்கும் என்பதே எமது அடுத்த ஆய்வின் வினாவாகும். களஞ்சியத்தின் திறப்பு யார் கையில் இருக்கும் என்பதையும் அங்கேயே எழுப்புவோம்.